வேளை தவறாமல்

மாத்திரை டப்பா சத்தம் போடும். முப்பது மாத்திரை கிடக்கும் பிளாஸ்டிக் டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டு நெரிசலான மினி வேனில் ஏறி உட்கார்ந்தால், வண்டி குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அது கலகலவென்று குலுங்கும். கேப் டவுன் நகரத்தின் விளிம்பில் இருக்கும் கயெலிட்ஷாவில் அந்தச் சத்தத்தின் பொருள் தெரியாதவர்கள் குறைவு. அதனால் சிலர் கிளினிக் வாசலைத் தாண்டுவதற்குள் டப்பாவுக்குள் பஞ்சை அடைத்துவிடுவார்கள். சிலர் மாத்திரைகளைப் பாலித்தீன் பையில் கொட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டு, பெயர் ஒட்டிய டப்பாவை அங்கேயே குப்பையில் எறிந்துவிடுவார்கள். ஈரத்தை உறிஞ்சுவதற்கென்று டப்பாவுக்குள் வைத்திருக்கும் சிறு பொட்டலமும் அதோடு போய்விடும். மாத்திரைக்கு ஈரம் ஆகாது என்பது தெரிந்தேதான் செய்கிறார்கள். வீட்டில் யார் கண்ணிலாவது படுவதைவிட மாத்திரை நமுத்துப்போவது பரவாயில்லை என்று தோன்றுகிறது.

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் உலகத்திலேயே அதிகமாக இருக்கும் நாடு தென்னாப்பிரிக்கா. ஏறத்தாழ 80 லட்சம் பேர். அவர்களில் 60 லட்சத்தை நெருங்கும் எண்ணிக்கையினர் சிகிச்சையில் இருக்கிறார்கள். இவ்வளவு பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் வேறெந்த நாட்டிலும் கிடையாது. அரசு கிளினிக்கில் மருந்து இலவசம். பெரும்பாலோருக்கு நாளுக்கு ஒரே ஒரு மாத்திரை. சாப்பிட்டால் மற்றவர்களைப் போல நீண்ட ஆயுள், விட்டால் சில ஆண்டுகளில் மரணம். கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும் லட்சக்கணக்கானவர்கள் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சட்டென்று இரண்டு பதில் சொல்வார்கள்: அலட்சியம், மறதி. கயெலிட்ஷாவின் கால் நூற்றாண்டு அனுபவத்தைப் படிக்கப் படிக்க, இரண்டுமே எவ்வளவு தவறான பதில்கள் என்பது எனக்குப் புரிந்தது.

அதற்கு முன், ஒரு மாத்திரையைத் தவறவிடுவது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதை வைரஸின் பக்கத்திலிருந்து பார்த்துவிட வேண்டும்.

சிகிச்சை பெறாத ஒருவர் உடம்பில் நாளொன்றுக்குச் சுமார் ஆயிரம் கோடி எச்.ஐ.வி. துகள்கள் புதிதாகப் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஏறக்குறைய 9,700 எழுத்துகள் கொண்ட ஒரு மரபுச் செய்தி. நம்முடைய உயிரணு தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும்போது கூடவே பிழை திருத்திக்கொண்டு போகும். எச்.ஐ.வி.யின் படியெடுக்கும் நொதிக்கு அந்த வசதி இல்லை. சுமார் 30,000 எழுத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அது தப்பாக எழுதுகிறது. அப்படியானால் மூன்று பிரதிகளில் ஒன்றில் ஏதோ ஒரு பிழை இருக்கும். இதை ஆயிரம் கோடியோடு பெருக்கிப் பாருங்கள். அந்த 9,700 இடங்களில் எந்த இடத்தில் ஓரெழுத்து மாறினாலும் உருவாகக்கூடிய வைரஸ், அந்த உடம்பில் இன்றைக்கே எங்காவது உருவாகியிருக்கும். ஒரு மருந்தை மீறும் வைரஸ் அந்த மருந்தைச் சாப்பிடுவதற்கு முன்பே உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். 1990-களின் நடுப்பகுதி வரை ஒற்றை மருந்துகள் சில மாதங்களில் தோற்றுப்போனதற்குக் காரணம் இதுதான். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால், மூன்றையும் ஒரே சமயத்தில் மீறும் பிழைகள் ஒரே துகளில் கூடிவருவது ஏறக்குறைய நடக்காத காரியம். படியெடுப்பே நின்றுவிட்டால் புதிய பிழைகளும் பிறப்பதில்லை.

ஆனால் வைரஸ் முழுவதும் சாவதில்லை. அது சில வெள்ளையணுக்களின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே தன்னை ஒட்டவைத்துக்கொண்டு உறங்குகிறது. பழைய தொற்றுகளை நினைவில் வைத்திருப்பதற்காகவே உடம்பு பல ஆண்டுகள் காப்பாற்றி வைக்கும் அணுக்கள் அவை. வேளை தவறாமல் மருந்து சாப்பிடுபவரிடம் இந்த உறங்கும் இருப்பு பாதியாகக் குறைவதற்கே சுமார் 44 மாதங்கள் ஆகின்றன. முழுவதும் தீர மனித ஆயுள் போதாது. எனவே மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் வைரஸ் ரத்தத்தில் திரும்பிவிடுகிறது.

நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் பதினைந்து ஆண்டுகள் கூட்டு மருந்தில் முக்கிய இடம்பெற்றது எஃபாவிரென்ஸ். அது உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். அளவு பாதியாவதற்கே சுமார் இரண்டு நாள் பிடிக்கும். ஆப்பிரிக்க மக்களிடம் பரவலாக உள்ள ஒரு மரபணு வேறுபாடு இருந்தால் வாரக்கணக்கில் தங்கும். கூட்டில் இருந்த மற்ற மருந்துகள் அதற்கு முன்பே கரைந்துவிடும். மாத்திரை தீர்ந்து கிளினிக்குக்குப் போக முடியாத ஒருவர் உடம்பில், மூன்றாக இருந்த காவல் சில நாள்களில் ஒன்றாகிவிடுகிறது. எஃபாவிரென்ஸைத் தோற்கடிக்க வைரஸுக்கு ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். நோயாளி திரும்பி வந்து அதே மாத்திரையை மறுபடி தொடங்கும்போது, அது வேலைசெய்யாத மாத்திரையாக இருக்கக்கூடும். இரண்டு வார இடைவெளி ஒரு மருந்து வகையையே வாழ்நாள் முழுக்கப் பறித்துவிடக்கூடும்.

இதையெல்லாம் வைத்துத்தான் ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவுக்கு இந்த மருந்தையே கொடுக்கக் கூடாது என்று வாதிட்டார்கள். 2001-இல் அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி முகமையின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்கள் பலர் கடிகாரத்தையே பார்த்ததில்லை, மணி பார்த்து மருந்து சாப்பிடச் சொன்னால் அவர்களுக்குப் புரியாது என்ற கருத்தை வெளிப்படையாகப் பேசினார். அவர்கள் வேளை தவறுவார்கள், மருந்தை மீறும் வைரஸ் பெருகும், அது உலகத்துக்கே ஆபத்து என்பது அன்று பலரிடம் இருந்த அச்சம். அறிவியல்போலத் தோன்றிய இந்த அச்சத்தின் பெயரால் எத்தனை பேரைச் சாகவிட முடிந்தது என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது.

அதே 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில், இந்தியாவின் சிப்லா நிறுவனம் மூன்று மருந்துக் கூட்டை ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதுவரை மேலை நாடுகளில் அதன் விலை 10,000 டாலருக்கும் மேல். இந்தியாவின் 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. அதனால்தான் இது முடிந்தது. மே மாதம் 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு கயெலிட்ஷாவின் அரசு கிளினிக்குகளில் மருந்து கொடுக்கத் தொடங்கியது. அப்போதைய குடியரசுத் தலைவர் தாபோ எம்பெகி எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்தார். சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்துக்கொண்டிருந்தார். ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் போட்ட கணக்குப்படி, 2000 முதல் 2005 வரை நடந்த அந்தத் தாமதம் 3,30,000-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது.

கயெலிட்ஷா என்றால் கோசா மொழியில் 'புதிய வீடு'. 1980-களில் நிறவெறி அரசு கறுப்பின மக்களை நகர மையத்திலிருந்து முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், கடலோர மணல்வெளியில் ஒதுக்கி வைப்பதற்காக உருவாக்கிய குடியிருப்பு. 2011 கணக்கெடுப்பில் சுமார் 3,90,000 பேர். தகரக் கொட்டகைகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதிகளும் உண்டு, ஓட்டு வீட்டு வரிசைகளும் உண்டு. பெரும்பாலோரின் சொந்த ஊர் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் கிழக்குக் கேப் மாகாணத்தில். வேலைக்கு நகரத்துக்கும், சாவுக்கும் கல்யாணத்துக்கும் கிழக்குக்குமாக அவர்கள் வாழ்க்கை இழுபடுகிறது. இந்தத் தூரம் திட்டமிட்டு உண்டாக்கப்பட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு தவறிய வேளையிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.

முதலில் மருந்து பெற்றவர்கள் என்ன செய்தார்கள்? கேப் டவுனின் ஏழை நோயாளிகளிடம் மாத்திரைகளை எண்ணிப் பார்த்து 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் நோயாளி நூறு வேளைக்கு 93-க்கு மேல் சரியாகச் சாப்பிட்டிருந்தார். 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சரியாக மருந்து சாப்பிட்டவர்கள் சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம் என்று வந்தது. நைஜீரியா, தான்சானியா, உகாண்டா நாடுகளில் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசிய ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணம் கண்டார்கள். பஸ்ஸுக்குக் கடன் கொடுத்தவர், குழந்தையைப் பார்த்துக்கொண்டவர், சாப்பாடு போட்டவர் என்று உறவும் சுற்றமும் சேர்ந்துதான் ஒருவரைக் கிளினிக்குக்கு அனுப்புகின்றன. மருந்தை விட்டால் அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? மருந்து சாப்பிடுவது அவர்களுக்குச் செலுத்தும் நன்றியாகிவிடுகிறது.

கயெலிட்ஷாவில் இதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. மருந்து அங்கே போராடிப் பெற்ற பொருள். 1998 டிசம்பரில் தொடங்கிய 'ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன்' இயக்கம், வைரஸ் எப்படிப் பெருகுகிறது, மருந்து எந்த இடத்தில் தடுக்கிறது என்பதைத் தெருத்தெருவாகக் கற்றுக்கொடுத்தது. அதைத் தொடங்கிவைத்த ஸாக்கி அக்மத் தானே எச்.ஐ.வி. உள்ளவர். அரசு மருத்துவமனையில் ஏழைகளுக்குக் கிடைக்காத மருந்து தனக்கும் வேண்டாம் என்று ஆண்டுக்கணக்கில் மறுத்தவர். நெல்சன் மண்டேலாவே வீட்டுக்கு வந்து கேட்டும் அசையவில்லை. 2002 டிசம்பரில் மண்டேலா கயெலிட்ஷா கிளினிக்குக்கு வந்து, 'எச்.ஐ.வி. பாசிட்டிவ்' என்று பெரிய எழுத்தில் அச்சடித்த சட்டையை அணிந்துகொண்டு நின்றார். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்த பெண்களுக்கு டப்பாச் சத்தம் பயமாக இருந்திருக்காது.

பிறகு ஏன் மாறியது? என் வாசிப்பில் இதற்குப் பதில் சற்றுக் கொடுமையானது: திட்டம் வெற்றிபெற்றதால் மாறியது.

முதல் ஏழாண்டுகளில் கயெலிட்ஷாவில் மருந்து தொடங்கிய 7,000-க்கு மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சேர்ந்தவர்கள், அதற்கு முந்தைய ஆண்டில் சேர்ந்தவர்களைவிட அதிகமாகக் காணாமல் போனதை அது காட்டியது. முதல் சில நூறு பேரைச் செவிலியருக்குப் பெயர் சொல்லித் தெரியும். ஆயிரங்களானபோது வரிசை வந்தது. இடம்பிடிக்க விடிவதற்கு முன்பே வர வேண்டும். முதலில் நோயாளிக் கோப்பைத் தேடி எடுக்கும் ஜன்னல், பிறகு எடை பார்க்கும் இடம், பிறகு செவிலியர், கடைசியில் மருந்துக் கவுன்டர். ஒரு நாள் போய்விடும். வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் கட்டட வேலைக்குப் போகிறவருக்கும் அது ஒரு நாள் கூலி. மாதாமாதம் இப்படி விடுப்புக் கேட்டால் முதலாளி காரணம் கேட்பார். சொல்ல முடியாத காரணம்.

ஏதோ ஒரு மாதம் தேதி தவறும். மறுநாள் போனால் 'டிஃபால்டர்' என்ற பெயர் கிடைக்கும். கடனைத் திருப்பிக் கட்டாதவரைச் சொல்லும் சொல் அது. தென்னாப்பிரிக்க கிளினிக்குகளில் நெடுங்காலம் புழங்கியது. தேதி தவறி வந்தவரை வரிசையின் கடைசிக்கு அனுப்புவதும், எல்லோர் முன்னிலையிலும் கடிந்துகொள்வதும் வழக்கமாக இருந்தது. வேலைப் பளுவில் நசுங்கிய செவிலியர்களை மட்டும் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை தவறினால் திரும்பி வரத் தயங்குவார் என்பது எந்தத் தாய்க்கும் தெரிந்த விஷயம். இரண்டு நாள் தாமதம் இரண்டு மாதமாகும், இரண்டு மாதம் இரண்டு ஆண்டாகும்.

வேறு காரணங்களும் நகரத்தின் சந்துகளில் ஒளிந்திருந்தன. ஆரம்பக் கால மருந்தான ஸ்டாவுடின் கன்னத்துக் கொழுப்பையும் கைகால் கொழுப்பையும் கரைத்தது; முகத்தைப் பார்த்தே இவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரு சொல்லிவிடும். எஃபாவிரென்ஸ் தலைசுற்றலும் பயங்கரக் கனவுகளும் தரும் என்பதால் படுக்கப் போகும்போது சாப்பிடச் சொன்னார்கள். இரவுக் காவல் வேலை பார்ப்பவர் எப்போது படுக்கப் போவது? மருந்து பலிக்கத் தொடங்கியதும் பசி அகோரமாக எடுக்கும். வீட்டில் சோறு இல்லாத நாளில் வெறும் வயிற்றில் மாத்திரை போடப் பயந்து விட்டுவிடுவார்கள். உடல்நலம் குன்றியவர்களுக்கு அரசு தந்த உதவித்தொகை, மருந்தால் உடம்பு தேறியதும் நின்றுபோகும். வேலை கிடைக்காத ஊரில் ஒரு குடும்பமே அந்தத் தொகையை நம்பியிருக்கும்போது, தேறுவதே ஒரு நெருக்கடியாகிவிடுகிறது.

குடிப்பழக்கத்தைப் பற்றி கேப் டவுனில் நடந்த ஆய்வுகள் சொன்னது என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. குடித்துவிட்டு மறந்துபோகிறார்கள் என்பதுதான் நம் எண்ணம். பலர் மறக்கவில்லை. மதுவும் இந்த மாத்திரையும் சேர்ந்தால் விஷமாகிவிடும் என்று நம்பி, வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து வேண்டுமென்றே மாத்திரையைத் தள்ளிவைக்கிறார்கள். குடிக்காதே என்று மிரட்டுவதற்காகச் சொன்ன வாக்கு, மாத்திரை சாப்பிடாதே என்று போய்ச் சேர்ந்திருக்கிறது. குடித்திருந்தாலும் மாத்திரையை விடாதீர்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ வேளைகள் தப்பியிருக்கும்.

2016 செப்டம்பரிலிருந்து தென்னாப்பிரிக்காவில் ரத்தத்தில் எச்.ஐ.வி. தெரிந்தாலே மருந்து என்று ஆனது. அதற்கு முன் சிடி4 வெள்ளையணு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்க வேண்டும். மருத்துவ ரீதியாக இது மிகச் சரியான மாற்றம். ஆனால் பழைய நோயாளி சாவின் வாசல்வரை போய், மாத்திரையால் எழுந்து நடந்தவர். மாத்திரையின் வலிமையை அவர் உடம்பே அறியும். புதியவர் இருபத்திரண்டு வயதில் திடமாக இருக்கிறார். அவருக்கு அந்த மாத்திரை ஒன்றையும் குணப்படுத்தவில்லை. தினமும் அவர் மறக்க நினைக்கும் ஒன்றை ஞாபகப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

வரிசைக்கு விடை கயெலிட்ஷாவிலேயே பிறந்தது. 2007-இல் உபுண்டு கிளினிக்கில், உடம்பு சீராக உள்ளவர்களை முப்பது முப்பது பேராகச் சேர்த்துக் குழுக்கள் அமைத்தார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். மருத்துவப் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற ஒரு பணியாளர் எடை பார்ப்பார், இருமல் உண்டா என்று கேட்பார், முன்கூட்டியே பெயரிட்டுக் கட்டி வைத்த மருந்துப் பொட்டலத்தைக் கையில் கொடுப்பார். கொஞ்ச நேரப் பேச்சு, பிறகு வேலைக்குப் போய்விடலாம். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனையும் மருத்துவச் சந்திப்பும். வர முடியாதவருக்காக நம்பிக்கையான ஒருவர் வந்து வாங்கிக்கொள்ளலாம். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு எல்லோரும் கிழக்குக் கேப்புக்குப் போவார்கள் என்பது ஊரறிந்தது. அப்போது நான்கு மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார்கள்.

2013-இல் வெளியான ஆய்வு முடிவு: குழுவில் இருந்தவர்களில் 97 சதவீதம் பேர் சிகிச்சையில் நீடித்தார்கள், குழுவில் சேரும் தகுதி இருந்தும் வழக்கமான கிளினிக்கில் இருந்தவர்களில் 85 சதவீதம். குழுவை விரும்பித் தேர்ந்தவர்கள் இயல்பிலேயே ஒழுங்கானவர்களாக இருந்திருக்கலாம். அந்தச் சந்தேகத்தை முழுதும் தீர்க்க முடியாது. இருந்தாலும் வித்தியாசம் பெரியது. மருந்து ஒன்றுதான், ஊர் ஒன்றுதான். குறைந்தது காத்திருப்பு.

மறதிதான் காரணம் என்பதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்றும் கேப் டவுனில் நடந்தது. மூடியைத் திறந்தால் உடனே செல்பேசி வலை வழியே தகவல் அனுப்பும் மின்னணு மாத்திரைப் பெட்டியைக் கொடுத்தார்கள். நேரத்துக்குத் திறக்காவிட்டால் செல்பேசிக்கு நினைவூட்டல் வரும். மருந்து உட்கொள்ளும் விகிதம் அதனால் கூடவில்லை. நீண்ட இடைவெளிகள் மட்டும் சற்றுக் குறைந்தன. இதற்கு முன்பே, கென்யாவின் நைரோபியையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 538 பேரிடம் நடந்து 2010-இல் முடிவு வெளியான சோதனை வேறு வழியில் போயிருந்தது. மாத்திரையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல், வாரம் ஒருமுறை செவிலியரிடமிருந்து ஒரே சொல் குறுஞ்செய்தியாக வரும்: 'மாம்போ?' சுவாஹிலியில் 'எப்படி இருக்கே?' என்பது போல. 'சாவா' என்று பதில் வந்தால் நலம். 'ஷிடா' என்றால் ஏதோ கஷ்டம். கஷ்டம் என்று சொன்னவரையும் பதிலே சொல்லாதவரையும் செவிலியர் கூப்பிட்டுப் பேசுவார். செய்தி பெற்றவர்களில் 57 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியது, பெறாதவர்களில் 48 சதவீதம் பேருக்கு. யந்திரம் வேளையை நினைவூட்டியபோது நடக்காதது, ஒரு மனுஷி நலம் விசாரித்தபோது நடந்தது.

நடுவில் விட்டவர்கள் என்ன ஆகிறார்கள்? பலர் திரும்பி வருகிறார்கள், ஆனால் தாமதமாக. கேப் டவுன் அடங்கிய மேற்குக் கேப் மாகாணத்தில், சிடி4 அபாயகரமாகக் குறைந்து வருபவர்களில் பாதிப் பேர் அளவுக்கு முன்பே ஒருமுறையாவது மருந்து தொடங்கியவர்களாக மாறிவிட்டார்கள். முன்பெல்லாம் மருந்தே கிடைக்காதவர்கள் மூளைக் காய்ச்சலோடு, கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சை மூளையுறையைத் தாக்கிய நிலையில் வந்தார்கள். இப்போது மருந்து பெற்று நடுவில் நிறுத்தியவர்கள் அதே கட்டில்களில் கிடக்கிறார்கள். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' 2020-இல் விடைபெறுவதற்கு முன் கயெலிட்ஷாவில் கடைசியாகச் செய்த வேலைகளில் ஒன்று, திரும்பி வருபவர்களுக்கென்று தனி வரவேற்பு ஏற்பாடு. ஏன் விட்டாய் என்று முதலில் கேட்காமல், வந்ததற்கு மகிழ்ச்சி என்று தொடங்கும் ஏற்பாடு.

வேதியியலும் இந்த இடத்தில் கைகொடுத்திருக்கிறது. 2019 இறுதியில் தென்னாப்பிரிக்கா எஃபாவிரென்ஸைக் கைவிட்டு டோலுடெக்ராவிர் உள்ள மாத்திரைக்கு மாறத் தொடங்கியது. வைரஸ் தன் செய்தியை நம் டி.என்.ஏ.வுக்குள் தைக்கப் பயன்படுத்தும் நொதியை இது இறுகப் பிடித்துக்கொள்கிறது. ஓரெழுத்துப் பிழையால் வைரஸ் இதிலிருந்து நழுவ முடியாது. பல மாற்றங்கள் சேர வேண்டும், அவை சேரும்போது வைரஸே நலிந்துபோகிறது. கூட இருக்கும் டெனோஃபோவிரின் செயல்படும் வடிவம் அணுக்களுக்குள் பல நாள்கள் தங்குகிறது. எனவே இரண்டு மூன்று வேளை தவறினாலும் பழைய மருந்தைப் போல உடனே கதவு திறந்துவிடுவதில்லை. மருத்துவர்கள் இதை 'மன்னிக்கும் மருந்து' என்கிறார்கள். 2023-இல் இதன் விலை ஒருவருக்கு ஆண்டுக்கு 45 டாலருக்கும் கீழே இறங்கியது. காசநோயும் சேர்ந்தவர்களுக்கு மட்டும் ஒரு தொல்லை: அந்த நோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்து இதை வேகமாகக் கரைத்துவிடுவதால், பன்னிரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு வேளை டோலுடெக்ராவிர் வேண்டும். காசநோய் மலிந்த கயெலிட்ஷாவில் இது சிறிய விஷயமல்ல.

தினசரி மாத்திரையையே தவிர்க்கும் ஊசி வந்திருக்கிறது. கேபோடெக்ராவிரும் ரில்பிவிரினும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. உகாண்டா, கென்யா, தென்னாப்பிரிக்காவில் நடந்த சோதனையில் அது மாத்திரைக்கு ஈடாக நின்றது. வீட்டில் ஒளித்துவைக்க ஒன்றும் இல்லை, குலுங்க டப்பாவும் இல்லை. ஆனால் ரில்பிவிரின் குளிர்ச்சியில் இருக்க வேண்டும், விலை இறங்க வேண்டும். தவிர, ஊசித் தேதியைத் தவறவிட்டால் மருந்து மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வடியும். எஃபாவிரென்ஸ் விட்டுச்சென்ற அதே பழைய பிரச்சினை இன்னும் நீளமாகக் காத்திருக்கிறது. அப்போதும் ஒருவரைத் தேடிக் கூப்பிட ஆள் வேண்டும்.

வைரஸ் அளவு பரிசோதனையில் தென்படாத அளவுக்கு இறங்கியவரிடமிருந்து பாலுறவின் மூலம் யாருக்கும் தொற்றாது. 2011 தொடங்கி அடுத்தடுத்து வந்த பெரிய ஆய்வுகள் இதை ஐயமின்றி நிறுவிவிட்டன. கயெலிட்ஷாப் பெண் ஒருத்திக்கு, தன்னால் கணவனுக்கோ பிறக்கப்போகும் குழந்தைக்கோ ஆபத்து வராமல் தன் கையால் தடுக்க முடியும் என்பதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது. கிளினிக் சுவரில் ஒட்டிய தாளில் மட்டும் இல்லாமல், அவள் தெருவிலும் அந்தச் செய்தி போய்ச் சேர வேண்டும்.

2025 பிப்ரவரியில் தென்னாப்பிரிக்க அரசு ஓர் இலக்கு வைத்தது: சிகிச்சைக்கு வெளியே இருக்கும் 11 லட்சம் பேரை ஆண்டு இறுதிக்குள் சேர்ப்பது. அவர்களில் பலர் ஒருகாலத்தில் மருந்து சாப்பிட்டு நடுவில் நிறுத்தியவர்கள். சரியாக அதற்கு முந்தைய மாதம்தான் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியிருந்தது. தென்னாப்பிரிக்கா மாத்திரையைத் தன் சொந்தப் பணத்தில் வாங்குகிறது. அமெரிக்கப் பணம் அதன் எச்.ஐ.வி. செலவில் சுமார் 17 சதவீதமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பணத்தில் சம்பளம் வாங்கியவர்கள் ஆலோசகர்கள், தகவல் பதிபவர்கள், விடுபட்டவர்களைத் தேடிப் போகிறவர்கள். ஆயிரக்கணக்கானோர் சில வாரங்களில் வேலை இழந்தார்கள். அலமாரியில் மாத்திரை இருந்தது.

கயெலிட்ஷாவின் குழுக்களில் ஒரு விதி உண்டு. கூட்டத்துக்கு வராதவரின் பொட்டலம் ஐந்து நாள் கிளினிக்கில் காத்திருக்கும். அதற்குள் அவர் வரலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து நாளும் கடந்தால் குழுப் பணியாளர் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி எடுத்து, செல்பேசியில் எண்ணை அழுத்துவார். அணைத்துவைக்கப்பட்டிருந்தால் கொடுத்துவைத்த இன்னொரு எண்ணுக்கு. அங்கும் கிடைக்காவிட்டால், அடுத்த நாள் மறுபடியும்.